அயல்நாட்டுக் களங்களில் ஒரு பிழைப்பு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. படிப்புச் செலவைக் கல்லூரியே ஏற்கும் இடங்கள் அணிக்கு 13 என்று நெடுங்காலம் இருந்தது. படிப்பை முடித்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் வெளியே வருகிறவர்கள் ஆயிரத்தைத் தாண்டுவார்கள். அவர்கள் அனைவருடைய கண்ணும் இருப்பது என்பிஏ லீகின் மேல். அங்கே 30 அணிகள், அணிக்கு 15 நிலையான இடங்கள், மொத்தம் 450. அந்த இடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிரம்பியவை. புதுமுகங்களுக்கான ஆண்டுத் தேர்வு 1989 முதல் இரண்டே சுற்று. அழைக்கப்படும் பெயர்கள் அறுபதுக்கு மேல் போவதில்லை. அதிலும் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் இளைஞர்களுக்குப் பங்கு போய்விடுகிறது. இரண்டாம் சுற்றில் பெயர் வந்தவருக்கு ஒப்பந்தம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

என்பிஏவுக்கு அடுத்த படியாக அமெரிக்காவிலேயே ஜி லீக் இருக்கிறது. 2018-19 சீசனில் அங்கே அடிப்படைச் சம்பளம் 35,000 டாலர். அதே சீசனில் என்பிஏவில் புதியவரின் குறைந்தபட்சச் சம்பளம் 8,38,464 டாலர். இரண்டுக்கும் நடுவே அமெரிக்க மண்ணில் வேறு லீக் எதுவும் இல்லை. ஐரோப்பா, இஸ்ரேல், துருக்கி, சீனா, பிலிப்பைன்ஸ், லெபனான், ஆஸ்திரேலியா, போர்ட்டோ ரிக்கோ என்று பரந்து கிடக்கும் கிளப்புகள்தான் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. ஆண்டுக்கு ஒரு நாடு, சில ஆண்டுகளில் மூன்று நாடு என்று அந்தக் கிளப்புகளில் ஆடிப் பிழைப்பவர்களைப் பற்றியது இந்த உரை. என்பிஏவில் தோற்றவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடுவது வழக்கம். அந்தப் பார்வை அவர்களுடைய தொழிலைப் புரிந்துகொள்ள உதவாது. அது தனக்கென விதிகளும் சந்தையும் கொண்ட தனித்தொழில். அதில் கைத்திறனுக்கு நிகராக எடை போடப்படுவது கடவுச்சீட்டு.

இந்தப் போக்குவரத்து அறுபதுகளில் சிறிய அளவில் தொடங்கியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பில் பிராட்லி 1965இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். படித்துக்கொண்டே, ஆட்ட நாளில் மட்டும் விமானமேறி இத்தாலியின் மிலான் அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். அந்த அணி 1966இல் ஐரோப்பியச் சாம்பியன்கள் கோப்பையை வென்றது. பிராட்லி பிற்பாடு என்பிஏவிலும் அமெரிக்க செனட்டிலும் இடம்பெற்றவர். அவருக்கு அது இடைக்கால வேலை. 1965 தேர்வில் அழைக்கப்பட்டிருந்த டால் பிராடி 1966இல் இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணிக்குப் போய், பிற்பாடு அங்கேயே குடியேறிவிட்டார். அவர் தலைமையில் 1977இல் மக்காபி முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. ஒருவர் வந்து போனவர், மற்றவர் வேரூன்றியவர். பின்னால் வந்த பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில் அலைந்தவர்கள்.

தொழிலுக்குள் நுழையும் வழி பெரும்பாலும் ஏஜென்ட் மூலம்தான். லாஸ் வேகாஸில் 2004 முதல் நடந்துவரும் கோடைக்கால லீக் பெயருக்கு என்பிஏவின் பயிற்சித் தொடர். ஆனால் பார்வையாளர் வரிசையில் ஐரோப்பிய, ஆசியக் கிளப்புகளின் மேலாளர்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். களத்தில் இருப்பவர் என்பிஏ பயிற்சியாளரின் கண்ணில் படவேண்டும் என்று ஆடுகிறார். அவருடைய ஏஜென்ட்டோ அடுத்த வரிசைக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா வழங்கும் உரிமம் பெற்றவர்தான் ஏஜென்ட்டாகச் செயல்படலாம். என்பிஏ ஒப்பந்தத்தில் ஏஜென்ட்டின் பங்கு நான்கு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதையும் ஆட்டக்காரர்தான் கொடுக்கவேண்டும். ஐரோப்பாவில் பத்து சதவீதம் வழக்கம், அதைக் கொடுப்பது கிளப். இந்த ஏற்பாட்டில் ஏஜென்ட் யாருக்கு வேலை செய்கிறார் என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே கிளப்புக்கு ஆண்டுதோறும் நான்கைந்து பேரை அனுப்பும் ஏஜென்ட், அவர்களில் ஒருவருடைய சம்பளப் பாக்கிக்காக அந்தக் கிளப்பைப் பகைத்துக்கொள்வாரா?

ஒப்பந்தம் கையெழுத்தானவுடனே ஆடிவிட முடியாது. பழைய நாட்டின் சம்மேளனம் ‘இவர் மேல் எங்களுக்கு உரிமைக் கோரிக்கை ஏதும் இல்லை’ என்று விடுப்புக் கடிதம் அனுப்பவேண்டும். அது வந்து சேரும்வரை வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். போய் இறங்கியவுடன் மருத்துவப் பரிசோதனை நடக்கும். முழங்காலில் பழைய காயம் தெரிந்தால் அடுத்த விமானத்திலேயே ஊர் திரும்பவும் நேரிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வாசல், அந்நியருக்கான இட ஒதுக்கீடு. ஏறக்குறைய எல்லா நாட்டு லீகுகளும் ஓர் அணியில் எத்தனை அந்நியர் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சொந்த நாட்டு இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் நியாயம். விளைவு வேறு விதமாகவும் இருக்கிறது. இடம் இரண்டோ மூன்றோதான் என்பதால் அதில் வருகிறவரிடம் கிளப் எதிர்பார்ப்பது சராசரி ஆட்டத்தை அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் பத்துப் புள்ளி எடுத்தால் கைதட்டு. அந்நியர் பத்துப் புள்ளி எடுத்தால் மறுநாள் மேலாளர் ஏஜென்ட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார்.

இதன் கூர்மையான வடிவத்தைப் பிலிப்பைன்ஸில் பார்க்கலாம். 1975இல் தொடங்கிய அந்நாட்டு லீகான பிபிஏ, ஆண்டை மூன்று தொடர்களாகப் பிரித்திருந்தது. முதன்மையான பிலிப்பைன் கோப்பையில் அந்நியருக்கு இடமில்லை. மற்றவற்றில் அணிக்கு ஒருவர். ‘இம்போர்ட்’ என்றே அங்கே அவரை அழைக்கிறார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்கள் அவ்வளவு உயரமில்லாதவர்கள் என்பதால் தொடருக்கேற்ப இம்போர்ட்டின் உயரத்துக்கும் வரம்பு உண்டு; தொடர் தொடங்குமுன் வெறுங்காலோடு நிறுத்தி அளக்கிறார்கள். முழங்காலைச் சற்றே மடக்கி நின்று அங்குலத்தைக் குறைக்கப் பார்ப்பதும், அளப்பவர் நிமிர்ந்து நிற்கச் சொல்வதும் அங்கே சகஜம். உயரமே மூலதனமான விளையாட்டில் உயரத்தை மறைத்து வேலை தேடும் அரிய இடங்களில் இது ஒன்று. தொடர் நடுவே இரண்டு மூன்று ஆட்டம் சரியில்லை என்றால் இம்போர்ட்டை அனுப்பிவிட்டு வேறொருவரை வரவழைப்பதும் இயல்பு.

அப்படி மாற்றாளாக வந்தவர்தான் ஜஸ்டின் பிரௌன்லீ. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். என்பிஏ தேர்வில் பெயர் வரவில்லை. ஜி லீகின் முந்தைய வடிவத்திலும் இத்தாலியின் கீழ்நிலை லீகிலும் ஆடிக்கொண்டிருந்தார். 2016இல் மணிலாவின் ஹினெப்ரா அணியின் இம்போர்ட்டுக்குக் காயம்பட்டதால் அவசரமாக அழைக்கப்பட்டார். அந்தத் தொடரின் இறுதியில், நேரம் முடியும் கணத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து விழுந்து, எட்டு ஆண்டுகளாகப் பட்டமில்லாமல் கிடந்த அணிக்குக் கோப்பை கிடைத்தது. 2023 தொடக்கத்துக்குள் அதே அணியோடு ஆறு பட்டங்கள் சேர்ந்தன. அந்த ஜனவரியில் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸ் 1962க்குப் பிறகு முதன்முறையாகக் கூடைப்பந்தில் தங்கம் வென்றது. இறுதியாட்டத்தில் எதிரே இருந்த ஜோர்டான் அணியின் முதுகெலும்பு ரோன்டே ஹாலிஸ்-ஜெஃபர்சன். அவரும் அமெரிக்கர், அவரும் அதே பிபிஏவில் வேறோர் அணியின் இம்போர்ட். ஆசியத் தங்கத்துக்கான போட்டியில் இரு தேசங்களின் நம்பிக்கையும் மணிலாவில் சம்பளம் வாங்கும் இரண்டு அமெரிக்கர்கள் மேல் இருந்தது.

சீனாவில் வரம்பு இன்னும் நுணுக்கமானது. அணிக்கு இரண்டு அந்நியர், அவர்கள் எத்தனை கால்பகுதி ஆடலாம் என்பதற்கும் கணக்கு என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. அப்போது சம்பளம் அதிகம், சீசன் குறுகியது. இலையுதிர்காலத்தில் போய் மார்ச்சுக்குள் முடித்துவிட்டு அமெரிக்கா திரும்பினால் என்பிஏ சீசனின் கடைசிப் பகுதியில் இடம் தேட முடிந்தது. 2011இல் என்பிஏ முடங்கிக் கிடந்தபோது பெரிய பெயர்கள் சீனாவுக்கு வரத் தயாராக இருந்தன. முடக்கம் நீங்கியதும் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சிய சீன லீக், நடுவில் விலகும் ஷரத்து இல்லாத ஒப்பந்தம்தான் செல்லும் என்று அறிவித்தது. டிசம்பரில் என்பிஏ தொடங்கியபோது ஜே.ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர் போன்றவர்கள் சீன நகரங்களிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஐரோப்பாவில் இந்த ஒதுக்கீட்டைத் தலைகீழாக்கியது ஒரு கால்பந்து வழக்கு. பெல்ஜியக் கால்பந்தாட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடிமகனை மற்றோர் ஒன்றிய நாட்டில் அந்நியராகக் கணக்கிட்டு வரம்பு வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். கூடைப்பந்துக்கும் அது பொருந்தியது. அன்றுவரை இத்தாலியில் ஆடும் கிரேக்கரும் அமெரிக்கரும் ஒரே வரம்புக்குள் போட்டியிட்டார்கள். தீர்ப்புக்குப் பின் கிரேக்கருக்குக் கதவு திறந்தது. அமெரிக்கருக்கு இருந்த இடம் அப்படியே சிறிதாக நின்றது. அதே அமெரிக்கர் கையில் ஐரோப்பியக் கடவுச்சீட்டு ஒன்று இருந்துவிட்டால், ஆட்டம் ஒரு புள்ளிகூட மாறாமலே அவருடைய விலை ஏறிவிடும். பாட்டி அயர்லாந்துக்காரரா, தாத்தா இத்தாலியிலிருந்து கப்பலேறியவரா என்று ஏஜென்ட்டுகள் குடும்ப வரலாற்றைத் துருவத் தொடங்கினார்கள். 2000இல் கையெழுத்தான கொட்டனூ உடன்படிக்கை இன்னொரு சந்தையைத் திறந்தது. அதில் சேர்ந்த ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளின் குடிமக்களை ஸ்பெயின் லீக் அந்நியர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, சில கரீபியத் தீவுகளின் கடவுச்சீட்டுக்கும் கூடைப்பந்துச் சந்தையில் மதிப்பு வந்தது.

தேசிய அணிகளுக்கு ஃபிபா ஒரு விதி வைத்திருக்கிறது: பதினாறு வயதுக்குப் பின் குடியுரிமை பெற்றவர் ஓர் அணியில் ஒருவர் மட்டும் ஆடலாம். ஆட்டத்தை நடத்திச் செல்லும் நல்ல பாயின்ட் கார்டு கிடைக்காத நாடுகள் அந்த ஒற்றை இடத்துக்கு ஆள் தேடுகின்றன. ஆட்டக்காரருக்கோ அதன் வழியே கடவுச்சீட்டு கிடைக்கிறது. இரு தரப்புக்கும் இலாபமான இந்தப் பரிமாற்றத்தின் புகழ்பெற்ற உதாரணம் ஜே.ஆர். ஹோல்டன். பிட்ஸ்பர்க் நகரத்தவர், பக்னெல் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடியவர். என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. லாட்வியாவில் ரீகா, பெல்ஜியத்தில் ஆஸ்டெண்ட், பிறகு ஏதென்ஸின் ஏஇகே என்று படிப்படியாக ஏறி 2002இல் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அணிக்கு வந்தார். மறு ஆண்டே அதிபர் புதின் ஆணையால் ரஷ்யக் குடியுரிமை கிடைத்தது. அந்த அணியோடு 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் தொடரான யூரோலீகின் பட்டம் வென்றார்.

2007 செப்டம்பர் 16 அன்று மாட்ரிட்டில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். உலகச் சாம்பியனான ஸ்பெயின் சொந்த மண்ணில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. இரண்டு விநாடி மிச்சமிருக்கையில் ஹோல்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் துள்ளி உள்ளே விழுந்தது. ரஷ்யா 60, ஸ்பெயின் 59. ரஷ்ய அணிக்கு அன்று பயிற்சியாளர் டேவிட் பிளாட். அவர் அமெரிக்காவில் பிறந்து, இஸ்ரேலிய லீகில் பல ஆண்டுகள் ஆடி, அங்கேயே பயிற்சியாளராக மாறியவர். ரஷ்யாவுக்கு அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்த இருவருமே நாடுவிட்டு நாடு போய்ப் பிழைத்த ஆட்டக்காரர்கள். மறைந்த சோவியத் ஒன்றியத்தின் பழைய கூடைப்பந்துப் பெருமையோடு ஒப்பிட்டால் இதில் உள்ள வேடிக்கையை ரஷ்யர்களே முதலில் கண்டிருப்பார்கள்.

நான்கு ஆண்டு கழித்து லிதுவேனியாவில் ஆடப்பட்ட அதே சாம்பியன்ஷிப்பில் இதே கதை இன்னும் சிறிய நாட்டுக்கு நடந்தது. நியூ ஆர்லியன்ஸ்காரரான போ மெக்கேலப் மசிடோனியக் குடியுரிமை பெற்று அந்த அணிக்கு ஆடினார். கூடைப்பந்தை மதம்போலப் போற்றும் லிதுவேனியாவை அதன் சொந்த மண்ணிலேயே காலிறுதியில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் மசிடோனியா வீழ்த்தி, நான்காம் இடம் வரை போனது. மெக்கேலப் அதற்குமுன் துருக்கியிலும் பெல்கிரேடிலும் ஆடியிருந்தார். அதன்பின் மீண்டும் துருக்கி, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று போய்க்கொண்டிருந்தார். மசிடோனியாவில் அவர் ஆடியது தேசிய அணிக்காக மட்டுமே.

ஒப்பந்தத்தின் உள்ளே போனால் இந்தத் தொழிலின் எலும்புக்கூடு தெரியும். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகை வரி போக நிகரத் தொகை. வரியைக் கிளப் கட்டும். செப்டம்பரில் தொடங்கிப் பத்து மாதத் தவணை. சாமான்கள் போட்ட வீடு, ஒரு கார், குடும்பத்துக்கு விமானச் சீட்டு ஆகியவை கிளப் பொறுப்பு. வெற்றிக்கும் கோப்பைக்கும் தனித்தனி ஊக்கத்தொகை. அமெரிக்கச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்: வாடகையும் வரியும் இல்லாத சம்பளம் காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது.

ஆனால் அது கைக்கு வரவேண்டும். ஐரோப்பியக் கிளப்புகளில் பல ஓர் உள்ளூர்ப் பணக்காரரையோ நகராட்சியையோ ஒரு விளம்பரதாரரையோ நம்பி நிற்பவை. அந்த ஒருவர் கையை விரித்தால் முதலில் நிற்பது சம்பளம். மேல் லீகிலிருந்து கீழே தள்ளப்படும் அபாயம் வேறு. என்பிஏவில் அப்படி ஒரு பயமே கிடையாது. கீழே போகும் அணி பீதியில் ஆள் மாற்றும், மாற்றப்பட்டவருக்குப் பாக்கி வைக்கும். வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்கும் ஏஜென்ட், ஒப்பந்தம், கடவுச்சீட்டு, சம்பளப் பாக்கி என்ற அதே நான்கு சங்கதிதான். கூடைப்பந்துக்காரருக்கு முறையிட ஓர் இடமாவது இருக்கிறது என்பதே வித்தியாசம்.

அந்த இடம், ஃபிபா 2007இல் அமைத்த கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம். சுருக்கமாக பிஏடி. இருக்கை ஜெனீவாவில். வழக்கு நடப்பது ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஒற்றை நடுவர், பெரும்பாலும் எழுத்து மூலம். எந்த ஒரு நாட்டின் சட்டத்தையும் கட்டிக்கொண்டு அழாமல், நியாயத்தையும் நேர்மையையும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாம் என்பது அதன் அடிப்படை. கிரேக்கக் கிளப், நைஜீரியக் கடவுச்சீட்டு, அமெரிக்க முகவரி என்று மூன்று சட்டங்கள் முட்டிக்கொள்ளும் வழக்கில் இது பெரிய வசதி. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடும். தடை விழுந்தால் அடுத்த சீசனுக்கு இம்போர்ட் இல்லை. அதனால் பல கிளப்புகள் வழிக்கு வருகின்றன. திவாலாகி மூடப்பட்டு வேறு பெயரில் மீண்டும் முளைக்கும் கிளப்பிடம் மட்டும் இது செல்லாது. இப்போதைய ஒப்பந்தங்களில் தவணை இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கு வராமல் இருக்கலாம், இன்னும் இத்தனை நாள் போனால் முழுத்தொகைக்கும் உரிமையோடு விலகலாம் என்ற ஷரத்துகள் உண்டு. அனுபவப்பட்டவர் சம்பளத் தொகைக்கு முன்பாக அந்தப் பக்கத்தைத்தான் படிப்பார்.

ஆட்டமும் வேறு. ஃபிபா விதியில் ஆட்டம் 40 நிமிடம், என்பிஏவில் 48. ஐந்து தவறு செய்தால் வெளியே, அங்கே ஆறு. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது, அங்கே உச்சியில் 7.24. பல லீகுகளில் வாரம் ஓர் ஆட்டம்தான், ஆனால் நாளுக்கு இரண்டு பயிற்சி. ஆட்டம் குறைவென்பதால் ஒவ்வொரு தோல்வியும் வாரம் முழுக்கப் பேசப்படும். கல்லூரியில் 20 புள்ளி எடுத்தவர் இங்கே 12 எடுத்தால் நன்றாக ஆடுகிறார் என்றே பொருள்; ஊரிலிருக்கும் நண்பர்களுக்கு அதை விளக்க முடியாது.

இந்த நிலையிலும் புள்ளிகளைக் குவித்தவர் அல்ஃபோன்சோ ஃபோர்டு. மிசிசிப்பி மாநிலத்து கிரீன்வுட் ஊரில் 1971இல் பிறந்தவர், பக்கத்திலிருந்த மிசிசிப்பி வேலி ஸ்டேட் கல்லூரியில் நான்கு ஆண்டும் ஆட்டத்துக்கு 25 புள்ளிக்கு மேல் சராசரி வைத்தவர். மொத்தம் 3,165 புள்ளி. அப்படியிருந்தும் 1993 தேர்வில் 32ஆம் பெயராகத்தான் அழைக்கப்பட்டார். என்பிஏவில் அவருக்குக் கிடைத்தது 11 ஆட்டம். ஸ்பெயினில் வெஸ்கா, ஏதென்ஸில் பாபாகு, ஸ்போர்ட்டிங், பெரிஸ்டெரி என்று சிறிய கிளப்புகளில் ஆடினார். பெரிஸ்டெரி ஏதென்ஸின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதி அணி. அதை வைத்துக்கொண்டு 2000-01 யூரோலீகில் ஆட்டத்துக்கு 26 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார். மறு ஆண்டு ஒலிம்பியாகோஸில் 24.8, மீண்டும் முதலிடம். அடுத்து இத்தாலியின் சியெனா. 2003இல் அந்த அணி யூரோலீகின் கடைசி நான்கில் நின்றது. பிறகு பெசாரோ.

இந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் இரத்தப் புற்றுநோயோடு ஆடிக்கொண்டிருந்தார். 1997இலேயே நோய் தெரிந்திருந்தது. வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். அவர் அதை மறைத்ததற்கு உள்ளத்து உறுதியைக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓராண்டு ஒப்பந்தமும் வந்திறங்கிய அன்றே மருத்துவப் பரிசோதனையும் உள்ள தொழிலில், நோயை வெளியே சொல்வதற்கு என்ன விலை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். 2004 ஆகஸ்ட் இறுதியில், இனி ஆட இயலாது என்று பெசாரோ இரசிகர்களுக்குத் தெரிவித்தார். செப்டம்பர் 4 அன்று மெம்ஃபிஸில் காலமானார், வயது 32. யூரோலீகில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கான கோப்பை அதன்பின் அவர் பெயரைத் தாங்கியது. என்பிஏ வரலாற்றில் 11 ஆட்டம் என்ற ஒற்றை வரி.

வேலை கிடைக்கும் இடத்தை அரசியல் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி நடுத்தர ஆட்டக்காரருக்கு இல்லை. அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த கெவின் ஷெப்பர்டு 2008இல் ஈரானின் ஷிராஸ் நகர அணிக்கு ஆடப் போனார். அந்த ஓராண்டு ‘தி ஈரான் ஜாப்’ என்ற ஆவணப்படமானது. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அலெக்ஸ் ஓவூமி லிபியாவின் பெங்காசிக்குப் போனார். அல்-நாசர் அணி, நாட்டின் ஆட்சியாளர் கடாஃபியின் குடும்பத்துக்குச் சொந்தமான வீடு. 2011 பிப்ரவரியில் எழுச்சி வெடித்தபோது அந்த வீட்டிலேயே இரண்டு வாரம் போல உணவும் தொடர்பும் இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார். ஒருவழியாக எகிப்து எல்லையைக் கடந்தவர் வீட்டுக்குப் போகவில்லை; அலெக்சாந்திரியாவில் ஓர் அணியில் சேர்ந்து சீசனை முடித்தார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிடலாம். பாதியில் அறுந்த சீசனோடு ஊர் திரும்பினால் அடுத்த ஆண்டு வேலை கிடைப்பது கடினம் என்ற கணக்கும் அதில் இருக்கும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைன் கிளப்புகளில் இருந்த அமெரிக்கர்களும் எல்லைகளைத் தேடி ஓடவேண்டி வந்தது.

பெண்களின் தொழிலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏவில் நெடுங்காலம் 12 அணி, மொத்தம் 144 இடம். கோடையில் சில மாதம் மட்டும் ஆட்டம். அங்கே உச்சியில் இருந்தவர்களும் குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போனார்கள். ஆண்களில் இடம் கிடைக்காதவர் வெளிநாடு போகிறார். பெண்களில் மிகச் சிறந்தவரே போனார். டயானா டௌராசிக்கு அமெரிக்காவில் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 1,07,000 டாலர். ரஷ்யாவின் யெகாத்தெரின்பர்க் அணி கொடுத்தது 15 இலட்சம் டாலர் அளவில் என்று செய்தி. ஓய்வெடுத்து வரட்டும் என்று அந்த அணி கேட்டுக்கொண்டதால் 2015இல் அவர் அமெரிக்க சீசனையே விட்டுவிட்டார். அதே அணிக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகப் பிடிபட்டார். ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை. டிசம்பர் 8 அன்று கைதிப் பரிமாற்றத்தில் விடுதலை. 2023 முதல் டபிள்யூஎன்பிஏ, வெளிநாட்டிலிருந்து தாமதமாக வரும் மூத்த ஆட்டக்காரர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கியது. அமெரிக்காவுக்குள்ளேயே குளிர்கால லீகுகளும் முளைத்தன.

கூடப் போகும் குடும்பம் இந்தத் தொழிலின் மறுபாதி. ஜோ பிரையன்ட் என்பிஏவில் எட்டு சீசன் ஆடிவிட்டு 1984இல் இத்தாலியின் ரியெட்டி ஊருக்குப் போனார். பிறகு ரெஜ்ஜோ கலாப்ரியா, பிஸ்டோயா, ரெஜ்ஜோ எமிலியா. போனபோது, பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான மகன் கோபிக்கு ஆறு வயது. இத்தாலியப் பள்ளியில் படித்து, அந்த மொழியைச் சரளமாகப் பேசி வளர்ந்தான். ஐரோப்பியப் பயிற்சி கோபி பிரையன்ட்டின் கால்வைப்பில் தெரிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. சிகாகோவிலிருந்து வந்து பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஆடிய ஒருவருடைய மகன் டோனி பார்க்கர். 1982இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பிறந்து, பிரான்ஸ் அணிக்கு ஆடி, நான்கு என்பிஏ பட்டம் வென்றவர். 2011 தேர்வில் முதல் பெயராக வந்த கைரி எர்விங்கும் 2016 தேர்வில் முதல் பெயராக வந்த பென் சிம்மன்ஸும் மெல்போர்னில் பிறந்தவர்கள். இருவருடைய தந்தையும் அங்கே ஆடப் போன அமெரிக்கர்கள். தந்தைக்கு எட்டாத இடம் மகனுக்கு எட்டியது என்று சொல்வதைவிட, பிள்ளைகள் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்தார்கள் என்று சொல்வது பொருத்தம்.

திரும்பிப் போகிறவர்களும் இல்லாமல் இல்லை. பி.ஜே. டக்கர் 2006இல் 35ஆம் பெயராக அழைக்கப்பட்டு, டொரான்டோவில் 17 ஆட்டம் ஆடி வெளியேற்றப்பட்டார். உயரம் ஆறடி ஐந்தங்குலம், ஆடிய இடமோ அதைவிட உயரமானவர்களுக்கானது. இஸ்ரேலில் ஹப்போயெல் ஹோலோன் அணிக்குப் போனார். 1994 முதல் தொடர்ந்து மக்காபியே வைத்திருந்த பட்டத்தை 2008இல் அந்தச் சிறிய அணி பறித்தது. பிறகு உக்ரைன், கிரீஸ், இத்தாலி, போர்ட்டோ ரிக்கோ, ஜெர்மனி. பாம்பெர்க் அணியோடு 2012 ஜெர்மன் பட்டம். அந்தக் கோடையில் ஃபீனிக்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. புள்ளி எடுப்பதற்காக அல்ல, யாரையும் எதிர்த்துக் காவல் நிற்கத் தெரிந்தவர் என்பதற்காக. 2021இல் மில்வாக்கி அணியோடு என்பிஏ பட்டம் வென்றார். ஐந்து ஆண்டு வெளிநாட்டு அலைச்சல் அவரைக் காத்திருக்க வைத்தது என்பதைவிட வேறொரு ஆட்டக்காரராக மாற்றியது என்பதே சரி.

பெரும்பாலோருக்கு அந்த அழைப்பு வருவதில்லை. முப்பத்தைந்தை ஒட்டி முழங்கால் சொல்லிவிடும். என்பிஏவில் மூன்று சீசன் முடித்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. ஏழு நாட்டில் ஆடியவருக்கு ஏழு நாட்டிலும் துண்டு துண்டாகச் சில ஆண்டுகள் சேர்ந்திருக்கும், எதிலும் போதிய கணக்கு இருக்காது. சேமித்தவர் தப்பித்தார். ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டவர்களில் ஹோல்டன் போன்றவர்கள் என்பிஏ அணிகளுக்கு ஆள் பார்க்கும் வேலைக்குப் போனார்கள். சிலர் ஏஜென்ட்டாகி, தாங்கள் போன வழியில் மற்றவர்களை அனுப்புகிறார்கள்.

சிலர் போன ஊரிலேயே நின்றுவிட்டார்கள். நார்மன் பிளாக் பால்டிமோர்காரர். என்பிஏவில் மூன்று ஆட்டம் ஆடியவர். 1981இல் இம்போர்ட்டாக மணிலா வந்தார். ஆடிக்கொண்டே பயிற்சியாளரானார். 1989இல் அவருடைய சான் மிகேல் அணி ஓர் ஆண்டின் மூன்று தொடர்களையும் வென்றது. 2008 முதல் 2012 வரை அட்டெனியோ பல்கலைக்கழக அணிக்குத் தொடர்ந்து ஐந்து பட்டம் வாங்கிக்கொடுத்தார். பிலிப்பைன்ஸில் வளர்ந்த அவருடைய மகன் ஆரன் பிளாக் 2019 தேர்வில் பிபிஏவுக்குள் வந்தார். எடுத்துக்கொண்டது தந்தை அப்போது பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மெரால்கோ அணி. ஆரன் உள்ளூர் ஆட்டக்காரர்; அவருக்கு உயர வரம்பு கிடையாது.